பாத்தியில் தங்குவது எவ்வளவு?

1000 லீற்றர் கடல்நீரைப் பாத்தியில் விட்டு வெயிலில் காயவைத்தால் மிஞ்சுவது 35 கிலோ அளவுதான். அதிலும் சோற்றுக்குப் போடும் உப்பு 27 கிலோவரை தேறும்; மற்றதெல்லாம் சுண்ணாம்பும் ஜிப்சமும் மகனீசியக் கசப்பும். இலங்கையில் பாலாவிப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் இந்தக் கணக்கைப் புத்தகத்தில் படித்தவர்கள் அல்லர். ஆனாலும் எந்தப் பாத்தியில் எத்தனை நாள் நீர் நிற்க வேண்டும், எப்போது அடுத்த பாத்திக்குத் திறந்துவிட வேண்டும் என்பது அவர்களுக்குக் கைக்கணக்கு.

இணையவழிக் கல்வியைப் பற்றிய ஓர் ஆய்வைப் படித்தபோது எனக்கு இந்த 35 கிலோ நினைவுக்கு வந்தது. ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்து தொடங்கிய எடெக்ஸ் தளத்தில் 2012 முதல் 2018 வரை அந்த இரு பல்கலைக்கழகங்களும் நடத்திய பாடநெறிகளை ஜஸ்டின் ரைக், ஹொசே ருய்ப்பெரெஸ்-வலியென்டே என்ற இருவர் அலசி, 2019 ஜனவரியில் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். 56 இலட்சம் பேர், 1 கோடி 26 இலட்சம் பதிவுகள். 2017-18 இல் பாடநெறியை முடித்தவர்கள் நூற்றுக்கு 3.13 பேர். கடல்நீரில் உள்ள உப்பைவிடக் கொஞ்சம் குறைவு! பதிந்தவர்களில் 52 வீதமானோர் பெயரைக் கொடுத்ததோடு சரி, பாடத்துக்குள் காலே வைக்கவில்லை.

ஆசிரியர்களுக்குக் குறைவில்லை, பணத்துக்கும் குறைவில்லை, பாடமோ இலவசம். இருந்தும் இவ்வளவுதான். இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் வந்தது தற்செயல். அதைப் பிடித்துக்கொண்டு தத்துவம் பேச நான் வரவில்லை. ஆனால் உப்பளக்காரருக்கும் கல்வித் தளம் நடத்துகிறவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நீர் எந்தப் பாத்தியில் குறைந்தது என்று முன்னவருக்குத் தெரியும். பின்னவர் பெரும்பாலும் மதகையே பார்த்துக்கொண்டிருக்கிறார்: "இந்த மாதம் இத்தனை இலட்சம் பேர் வந்தார்கள்" என்று.

பாலாவியில் எனக்கு மருமகள் முறையான பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அவள் வாப்பா களப்பில் இறாலுக்குப் போகிறவர். வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன். இரவானால் அதுவும் பொலித்தீன் உறைக்குள் வாப்பாவோடு தோணியில் போய்விடும். அவர் விடியற்காலையில் வந்து படுத்தபிறகுதான் போன் அவள் கைக்கு வரும். ஒரு சனிக்கிழமை காலை அவள் 'பளிங்காக்கல்' என்று தேடிக்கொண்டிருந்தாள். விஞ்ஞானப் பாடம், கடல்நீரிலிருந்து உப்பு எடுப்பது எப்படி என்ற பகுதி. வீட்டுப் பின்வேலியில் நின்று பார்த்தால் கிடுகு போட்டு மூடிய உப்புக் குவியல்கள் தெரியும். போனில் வந்ததோ வீட்டுத் தரைக்குப் பளிங்குக்கல் பதிக்கும் விளம்பரம்.

'படிகமாக்கல்' என்று போட்டுப் பார் என்றேன். தமிழ்நாட்டுப் பக்கங்கள் நிறைய வந்தன. ஒன்றைத் திறந்து கொஞ்சத் தூரம் படித்தவள் நிமிர்ந்தாள். "மாமா, தெவிட்டிய கரைசல் எண்டா? இனிப்புச் சாப்பிட்டுத் தெவிட்டுமே, அதுவா?" அவளுடைய புத்தகத்தில் அது நிரம்பிய கரைசல். பிறகு நம் நாட்டுத் தளம் ஒன்று அகப்பட்டது. முகப்பில் நாலைந்து படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. வட்டம் சுற்றியது. "சுத்திக்கிட்டே இரிக்கு." கடைசியில் ஒரு பிடிஎப் கோப்பு, 18 எம்பி. திறந்தால் யாரோ புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படமெடுத்த பக்கங்கள். அவள் மூடிவிட்டாள். "குறூப்புல கேக்குறன் மாமா, சேர் வொய்ஸ் போடுவாரு."

மொத்தம் ஏழெட்டு நிமிடம் இருக்கும். கல்வித் தளங்களுக்கு ஏன் ஆள் நிற்பதில்லை என்று நான் அறிந்தவற்றில் பெரும்பகுதி அந்த ஏழெட்டு நிமிடத்துக்குள் நடந்து முடிந்துவிட்டது.

ஆள் குறையும் முதற் பாத்தி, கண்ணில் படுவது. இலங்கையில் தமிழ் மொழிமூல வினாத்தாள்களும் குறிப்புகளும் நீண்டகாலமாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. இன்னும் பல இடங்களில் அப்படித்தான். பாமினி செய்யும் வேலை ஒரு வேடம். கோப்புக்குள் உண்மையில் கிடப்பது ஆங்கில எழுத்துகள். ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு தமிழ் எழுத்தை மாட்டிவிட்டிருக்கிறார்கள். மனிதக் கண் முகமூடியைப் பார்க்கும். தேடுபொறிக்கு உள்ளே இருப்பது மட்டுமே தெரியும், அது பொருளற்ற ஆங்கிலக் கிறுக்கல். சாய்த்துப் பிடித்து எடுத்த படங்களின் கதையும் ஏறக்குறைய அதுவே. ஓர் ஆசிரியர் மூன்று இரவு விழித்துத் தயாரித்த அருமையான குறிப்பு இணையத்தில் இருக்கும், தேடுகிறவருக்கு இராது. யூனிகோடில் தமிழ் 1991 முதலே இருக்கிறது. பழைய கோப்பை மாற்றித்தரும் கருவிகள் இலவசம். இதைச் செய்யாமல் விளம்பரத்துக்குச் செலவழிப்பவர்களை என்ன சொல்வது!

சொல் வேறுபாடு இதைவிட நுட்பமான சிக்கல். இங்கே ஒளித்தொகுப்பு, அங்கே ஒளிச்சேர்க்கை. இங்கே ஆர்முடுகல், அங்கே முடுக்கம். இரசாயனவியலுக்கு அங்கே வேதியியல். எது நல்ல தமிழ் என்ற வழக்கை விடுங்கள். பிள்ளை பரீட்சைத் தாளில் எதைப் பார்க்கிறதோ அதைத்தான் தேடும். தமிழ் விக்கிப்பீடியா இதற்கு எளிய வழி வைத்திருக்கிறது. 2003 இல் தொடங்கி, யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் போன்றோரின் உழைப்பில் வளர்ந்து, 2017 மே மாதம் ஓர் இலட்சம் கட்டுரையைத் தொட்ட அந்தக் கலைக்களஞ்சியத்தில், ஒரு சொல்லைத் தட்டினால் இன்னொரு சொல்லின் பக்கத்துக்குக் கொண்டுபோய்விடும் ஏற்பாட்டுக்கு 'வழிமாற்று' என்று பெயர். பாடப் பக்கத்தின் தலைப்பிலேயே 'பளிங்காக்கல், அதாவது படிகமாக்கல்' என்று எழுதினால் அதே பயன். ஒரு வரி.

அடுத்தது பாரம். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூனிகோடில் வழக்கமாக மூன்று பைட் பிடிக்கும். 3000 சொல் கொண்ட ஓர் அத்தியாயம் முழுவதையும் எழுத்தாகவே போட்டால் 100 கிலோபைட் பக்கம்தான் வரும். அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது 18 எம்பி, ஏறத்தாழ 180 மடங்கு. கைபேசியில் ஒரு பக்கம் திறக்க மூன்று விநாடிக்கு மேல் எடுத்தால் 53 வீதமானோர் போய்விடுகிறார்கள் என்று 2016 இல் கூகுள் கணக்கிட்டது. டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் வீட்டில் இதற்கு இன்னொரு முகம் உண்டு: பாரமான பக்கத்தை ஒருமுறை திறந்து சூடுபட்டவர் அடுத்த முறை அந்தப் பெயரைக் கண்டாலே தாண்டிப் போவார். மின்சாரச் சிக்கலும் இருக்கிறது. நாட்டின் மிகப்பெரிய அனல்மின் நிலையம், 900 மெகாவற், நம் நுரைச்சோலைக் கரையில்தான் நிற்கிறது. ஆனாலும் 2022 மார்ச் 31 அன்று நாடெங்கும் 13 மணி நேர மின்வெட்டு அறிவித்தபோது அதே கரையிலுள்ள கற்பிட்டிக்குத் தனிச் சலுகை கிடைக்கவில்லை. ஒருமுறை இறக்கிக்கொண்டால் பிறகு இணையமில்லாமலும் திறக்கும் பாடம் இந்தக் கரையில் ஆடம்பரமல்ல.

கொரோனாவால் 2020 மார்ச் 13 அன்று பாடசாலைகள் மூடப்பட்டன. கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' தளம் அப்போதே இருந்தது. தரம் 1 முதல் 13 வரை, மூன்று மொழிகளுக்கும். பெயர் பண்டைய தட்சசீலத்தின் சிங்கள வடிவம். தமிழ்ப் பிள்ளைக்கு அந்தப் பெயரிலிருந்து எதுவும் புரியாது, தட்டச்சும் கொஞ்சம் வில்லங்கம், அது வேறு கதை. ஆனால் நாடு முழுவதும் ஆசிரியர்களும் பிள்ளைகளும் ஓடிப்போய்ச் சேர்ந்த இடம் வாட்ஸ்அப். வரிசையாக அடுக்கிய பாடமில்லை, தேடவும் வசதியில்லை, காலை வாழ்த்துப் படங்களுக்கு நடுவே கணக்கு வினாக்கள் கிடந்தன. இருந்தும் ஏன்? பிள்ளை போக வேண்டியிருக்கவில்லை, பாடம் வந்தது. வந்த பாடத்தின்மேல் தெரிந்த ஆசிரியரின் பெயர் இருந்தது. அதைத் திறக்காவிட்டால் அவருக்குத் தெரிந்துவிடும் என்ற கூச்சமும் இருந்தது. அந்தக் கூச்சத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

இனி, உள்ளே வந்தவர் எவ்வளவு நேரம் நிற்பார்? 2014 இல் பிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் மூவரும் எடெக்ஸில் 69 இலட்சம் முறை காணொளி பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்தார்கள். காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவரின் இடைநிலை நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. படம்பிடிப்புக் கூடத்தில் பெரும் செலவில் எடுத்ததைவிட, ஆசிரியர் தன் மேசையில் இருந்தபடி பேசிய காணொளிகள் ஆட்களைக் கூடுதலாகப் பிடித்துவைத்தன. ஆறு நிமிடப் பேச்சை மட்டும் சாதாரணத் தரத்தில் ஒலியாகப் பதிந்தால் ஒரு எம்பிகூட வராது. நொடிக்கு 16 கிலோபிட் என்றால் 720 கிலோபைட். "சேர் வொய்ஸ் போடுவாரு" என்ற பிள்ளை, ஆய்வைப் படிக்காமலே அதன் முடிவுக்கு வந்துவிட்டாள்.

நிற்கவைப்பதற்குப் புள்ளி, பதக்கம், நட்சத்திரம் கொடுக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. அந்த வித்தையில் கைதேர்ந்தவை கைபேசி விளையாட்டுகள். அவற்றோடு போட்டியிட்டு விஞ்ஞானப் பாடம் வெல்லப்போவதில்லை. ஆனால் கேள்வி கேட்பது வேறு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006 இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. மாணவர்கள் ஒரு பத்தியை இருமுறை படித்தார்கள். இன்னொரு பத்தியை ஒருமுறை படித்துவிட்டு, பாராமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இருமுறை படித்த பத்தியே முன்னால்: 81 வீதம், மற்றதில் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலை தலைகீழ். படித்துப் படித்துப் பார்த்த பத்தியில் 42 வீதம்தான் எஞ்சியிருந்தது, எழுதிப் பார்த்ததில் 56.

இதை ஒரு தளம் எப்படிப் பயன்படுத்தலாம்? பாடத்தைக் கேள்வியோடு தொடங்கலாம். "உப்பளத்தில் கடைசியில் மிஞ்சும் நீரை ஏன் வெளியே விடுகிறார்கள்?" பாலாவிப் பிள்ளை அந்த நீர் வெளியேறுவதை நூறு முறை பார்த்திருப்பாள், ஏன் என்று கேட்டிருக்க மாட்டாள். தெரிந்த பொருளில் தெரியாத ஓட்டை ஒன்றைக் காட்டினால் மனம் அங்கேயே சுற்றும். பாட முடிவில் மூன்று கேள்வி. நாலு நாள் கழித்து அதே பொருளில் ஒரு கேள்வி, குறுஞ்செய்தியாக. அந்தக் கேள்விதான் திரும்ப அழைப்பது. நட்சத்திரத்துக்காக வருகிறவர் நட்சத்திரம் கிடைத்ததும் போவார்.

அந்தக் கேள்விக்கு விடையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்ததும் அதில்தான் இருக்கிறது. கடல்நீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்வரை கறியுப்பு பூக்காது. அதற்கு முன்னமே சுண்ணாம்பு படிந்துவிடும், பிறகு ஜிப்சம். அவற்றை முன்பாத்திகளில் விட்டுவிட்டு நீர் மட்டும் அடுத்ததற்கு நகரும். உப்புநீரின் செறிவைக் காட்டும் போமே அளவையில் 25 பாகையை எட்டும்போது சோடியம் குளோரைட்டு பளிங்காகத் தொடங்கும். பேராசைப்பட்டு 30 பாகைக்கு மேலும் நீரைப் பாத்தியில் பிடித்துவைத்தால் மகனீசிய உப்புகளும் சேர்ந்து இறங்கும். உப்புக் கசக்கும், ஈரம் குடிக்கும், விலை போகாது. அதனால் கசப்பு நீரைத் திறந்துவிடுகிறார்கள். ஆளைப் பிடித்துவைப்பதிலும் இதே கதைதான். சமூக ஊடகங்கள் ஆளைப் பிடித்துவைத்திருக்கும் நேரத்தை விற்றுப் பிழைப்பவை. கல்வித் தளம் அந்த அளவுகோலைக் கடன் வாங்கினால் உப்புக் கசந்துவிடும். பிள்ளை வந்தாள், ஆறு நிமிடத்தில் பளிங்காக்கலைப் புரிந்துகொண்டாள், போனை மூடிவிட்டு எழுதப் போனாள் என்றால் அது தோல்வியா? அடுத்த சனிக்கிழமை வேறொரு பாடத்துக்கு அதே இடத்துக்கு வருகிறாளா என்பதைத்தான் எண்ண வேண்டும். எடெக்ஸ் ஆய்வில் எனக்குக் கவலை தந்தது 3.13 அல்ல, முதல் ஆண்டுக்குப் பிறகு பெரும்பாலானோர் திரும்பியே வரவில்லை என்பது.

திரும்பி வரச்செய்வதில் இன்னொருவர் இருப்பதுபோல் வலுவானது எதுவும் இல்லை. 2020 இல் போட்ஸ்வானாவில் பாடசாலைகள் மூடியிருந்தபோது சுமார் 4,500 வீடுகளில் ஒரு சோதனை செய்தார்கள். இணையம் இல்லை, சாதாரண போன் மட்டும். சில வீடுகளுக்கு வாரந்தோறும் கணக்குகள் குறுஞ்செய்தியாகப் போயின. சில வீடுகளுக்குக் குறுஞ்செய்தியோடு ஏறத்தாழ இருபது நிமிடத் தொலைபேசி அழைப்பும் போனது. பெற்றோரும் பிள்ளையும் மறுமுனையில். குறுஞ்செய்தி மட்டும் பெற்ற வீடுகளில் சொல்லத்தக்க பயன் தெரியவில்லை. அழைப்பும் பெற்ற பிள்ளைகள் கணக்கில் முன்னேறினார்கள்.

இப்படி இன்னொருவர் வழியாகக் கொடுப்பதை நம் நாட்டில் அதற்கு இருபது வருடத்துக்கு முன்பே செய்து பார்த்திருக்கிறார்கள். 1999 இல் யுனெஸ்கோவின் உதவியோடு கொத்மலைச் சமூக வானொலிக்கு இணையம் வந்தது. கிராமத்தவர் கேள்விகளை எழுதி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் நிகழ்ச்சியிலேயே இணையத்தில் தேடி, துறை தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர்கள் மொழியில் பதில் சொல்வார். கணினியையே காணாதவர்கள் இணையத்தின் பயனாளரானார்கள். பின்னாளில் நாடெங்கும் 'நெனசல' இணைய நிலையங்கள் திறந்து, 2014 இல் அந்தத் திட்டத்துக்குக் கேட்ஸ் அறக்கட்டளையின் 10 இலட்சம் டொலர் விருதும் கிடைத்தது. இருந்தாலும் என் மனத்தில் நிற்பது அந்த வானொலிக் கேள்விக் கடிதங்கள்தான்.

கூட ஆள் இருப்பதன் வலுவை நம் கரையிலுள்ள உடப்பிலும் பார்க்கலாம். அங்கே கரைவலை இழுக்கும்போது 'அம்பா' என்ற பாட்டைப் பாடுவார்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏற்றுச் சொல்லிக்கொண்டே கயிற்றை இழுப்பார்கள். வலை கரைசேர மணிக்கணக்கில் ஆகும். தனியாக இழுக்கிறவர் பாதியில் விட்டுப் போவார்; பாட்டுக்குப் பதில் சொல்கிறவர் போகமாட்டார். ஒரே வாரத்தில் ஒரே பாடத்தைத் தொடங்கும் முப்பது பிள்ளைகளையும் அவர்களுக்கு அடி எடுத்துக் கொடுக்க ஓர் ஆசிரியரையும் சேர்த்துவிட்டால், எந்த மென்பொருளும் தராத பிடிப்பு வரும்.

இதையே சொல்லும் கற்பிட்டிக்காரர் ஒருவரின் கதையும் இருக்கிறது. அங்கே 1807 இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கை பற்றிய அகராதி ஒன்றை 1834 இலும் தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859 இலும் ஆங்கிலத்தில் வெளியிட்டவர். இடையில் 1841 இல் 'உதயாதித்தன்' என்று தமிழில் ஒரு மாத இதழ் தொடங்கினார், அது நிலைக்கவில்லை. அதே 1841 இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனார் தொடங்கிய 'உதயதாரகை' பல தசாப்தம் வந்தது. பெயரில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உதயதாரகைக்குப் பின்னால் பாடசாலைகளும் அச்சகமும் இருந்தன. வாசகர் ஏற்கெனவே வகுப்பில் உட்கார்ந்திருந்தார். காசிச்செட்டியின் புலமை அந்தக் குறையை ஈடுசெய்யவில்லை என்றே நினைக்கிறேன்.

கல்வித் தளம் ஒன்று தொடங்க எண்ணியிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். திறப்பு விழாவுக்கு முன்னால் முந்தலிலோ கற்பிட்டியிலோ ஐந்து பிள்ளைகளைத் தேடிப் பிடியுங்கள். ஐந்தே பேர் போதும். அத்தனை பேரை உட்காரவைத்துப் பார்த்தாலே ஒரு தளத்தின் குறைகளில் பெரும்பகுதி அகப்பட்டுவிடும் என்று தளங்களின் பயன்பாட்டை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 1990களிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். உங்கள் போனைக் கொடுக்காதீர்கள், அவர்கள் வீட்டுப் போனிலேயே, அவர்கள் டேட்டாவிலேயே திறக்கச் சொல்லுங்கள். ஆன செலவுக்கு ரீலோட் போட்டுவிடுங்கள். பிறகு பின்னால் உட்கார்ந்து, வாயே திறக்காமல், எந்த இடத்தில் மூடுகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.